கூவாத சுவர்

முதல் பலகை கழன்றபோது சத்தமே வரவில்லை. நல்ல மரமென்றால் ஆணியை விடும்போது ஒரு முனகல் முனகும். இது தேத்தண்ணீரில் ஊறின விசுக்கோத்து மாதிரிக் கையோடு வந்துவிட்டது.

ஹைக்கே அந்தப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டு மேற்குச் சுவரைப் பார்க்க வந்த தச்சு வேலைக்காரி அவள். நாற்பது வயதிருக்கும், குரல் பெரிது, கையும் பெரிது. பலகையின் பின்பக்கம் கறுத்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பலகை இருந்த இடத்துக்குள் கையை விட்டு எதையோ இழுத்தாள். பழைய பாண் துண்டு போல ஒரு மஞ்சள் நுரைக் கட்டி வெளியே வந்தது. அதைப் பிழிந்தாள். தண்ணீர் ஒழுகியது.

"இதை யார் செய்தது?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

என் கணவர் மரியதாஸ் புல்லில் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கடல் அணையைப் பார்த்தேன். அதன் மேலே செம்மறிகள் காற்றுக்குக் குண்டியைக் காட்டிக்கொண்டு மேய்ந்தன.  

பக்கவாட்டில் பெய்கிற மழை

மீன் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த இரண்டறை வீட்டைப் பற்றி முந்தின வாரங்களில் எழுதியிருக்கிறேன். அதை விட்டு வந்து வாங்கியதுதான் இந்த வீடு. வட கடலோரம், அணைக்குப் பின்னால், கடைசித் தெருவில் கடைசி வீடு. மூன்று பக்கம் செங்கல். மேற்குப் பக்கம் மட்டும் மரச் சுவர், அதற்கு மேலே பலகை அடித்திருந்தார்கள். கடல் அந்தப் பக்கம் என்பதால் அப்படி.

இந்த ஊரில் மழை மேலேயிருந்து விழுவதில்லை. பக்கத்திலிருந்து வந்து அறையும். குடை பிடிக்கிறவன் ஒன்றில் சுற்றுலாக்காரன், இல்லாவிட்டால் எங்கள் மகள். காயப்போட்ட துணி காயாது, உப்புப் போத்தலில் உப்புக் கட்டிபடும், தபால் பெட்டியில் கடிதம் நனைந்து கிடக்கும். எனக்கு இந்த ஊரில் அன்றும் விருப்பமில்லை, இன்றும் இல்லை. மனதில் இருப்பதைச் சொல்லாவிட்டால் பிறகு எதற்கு எழுதுவது?

விருப்பம் அவருக்குத்தான். குருநகரில் பிறந்த மனிதர். சண்டையில் அங்கிருந்து எழும்பி, பிறகு இன்னொரு இடத்திலிருந்து எழும்பி, முகாம், இன்னொரு முகாம், வாடகை வீடு, வீட்டுக்காரன் எழும்பச் சொன்ன வாடகை வீடு என்று ஆயுளில் பாதி எழும்புவதிலேயே போய்விட்டது. இந்த வீட்டின் திறப்பைக் கையில் வாங்கிய அன்றைக்குச் சமையலறை நடுவில் நின்று சொன்னார்.

"இனி நான் ஒரு இடமும் எழும்பன். என்னை இஞ்சையிருந்து பெட்டியிலதான் கொண்டுபோகோணும்."

"வாய வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ," என்று நான் ஏசினேன். ஆனால் அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கலியாணப் படத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை.

அவர் இந்த நாட்டுக்கு வந்தது ஷோனெஃபெல்ட் விமான நிலையம் வழியாக. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வந்த வழி அதுதான். அங்கே இறங்கியபோது பயமாக இருந்ததா என்று கலியாணம் முடித்த புதிதில் கேட்டேன். பொலிஸ், கடவுச்சீட்டு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "சத்தமில்லாமல் இருந்துது. அதுதான் பயம்," என்றார். நான் சிரித்துவிட்டேன். பயப்படுவதற்கு இப்படியும் ஒரு காரணமா என்று நினைத்தேன்.

தகரத்தின் ஊதல்

புது வீட்டில் முதல் இலையுதிர் காலம். ஒரு பின்னேரம் அவர் தேத்தண்ணீரும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். வெளியே காற்று எழும்பியது. மேற்குச் சுவருக்குள்ளிருந்து ஒரு ஊதல் கிளம்பியது.

மெல்லிய நூலாகத் தொடங்கியது. பிறகு தடித்தது. தடித்துக்கொண்டே கிட்ட வந்தது. ஷெல்லடிக்குள் இருந்த எங்கள் ஊர்க்காரருக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கோப்பை உடைந்த சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அவர் நிலத்தில் குப்புறக் கிடந்தார். ஒரு கை தலைக்கு மேலே, மற்றக் கை நெஞ்சுக்குக் கீழே. கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சேட் முழுக்கத் தேத்தண்ணீர்.

"என்னப்பா, காத்தப்பா! காத்து!" என்று கத்தினேன்.

"தெரியும்," என்றார் நிலத்தைப் பார்த்தபடியே. "எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியேல்லை."

பலகைகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் அடியில், வண்டும் எலியும் போகாமல், துளை போட்ட தகரம் ஒன்றை அடித்திருந்தார்கள். காற்று அந்தத் துளைகளுக்குள் புகுந்து மேலே ஏறும்போதுதான் அந்தக் கூவல்.

எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் புறப்பட்டு வந்த பிறகும் நான் ஊரில் பல வருடம் இருந்தவள். அவரைவிடக் கூட ஷெல் கேட்டவள். இருந்தும் தலையைச் சாய்த்தால் நித்திரை. கூரை பறந்தாலும் காலையில்தான் தெரியும் என்று அம்மா என்னைப் பகிடி பண்ணுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஒரு மனுசி நேராக நிற்கிறாள் என்று.

யூட்

அவருடைய தம்பி யூட்டைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. எழுதலாமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "எழுதும்," என்று மட்டும் சொன்னார்.

பின்வளவில் பங்கர். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. கோட்டைப் பக்கமிருந்து ஆமிக்காரர் ஷெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாய் காய்கறி வாங்கப் போயிருந்தார். அடுப்பில் சோறு. அண்ணனும் தம்பியும் பங்கருக்குள்.

ஒன்று கூவிக்கொண்டு வந்தது. கூவிக்கொண்டே தலைக்கு மேலால் போய், தூரத்தில் விழுந்தது. கூவுகிறது தாண்டிப் போய்விடும், தலையில் விழப்போவது கூவாது என்று அந்த நாட்களில் எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"கூவினது போயிட்டுது, அண்ணை. சோறு அடிப்பிடிக்கப்போகுது," என்று யூட் சொன்னான். பானையை இறக்கிவிட்டு வருவதற்காக ஏறி வெளியே போனான்.

அடுத்தது கூவவில்லை.

அவ்வளவுதான் கதை. இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஒரு பஸ்ஸில், யன்னலைப் பார்த்துக்கொண்டு. நான் திரும்பக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ரைஸ் குக்கர் உண்டு, மகள் வாங்கித் தந்தது. ஆனால் சிவத்த அரிசிக்கு அது சரிவராது என்று நான் பானையில்தான் வைப்பேன். அடுப்பில் சோறு கொதிக்கிற நேரம் அவர் சமையலறைப் பக்கம் வரமாட்டார். 

சனிக்கிழமை வந்த மூன்று பேர்

சுவரின் வாயை அடைக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். டப்பாவிலிருந்து பீய்ச்சினால் பொங்கி இறுகுகிற நுரை கட்டடச் சாமான் கடையில் விற்கிறது. அதில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். ஒரு சனிக்கிழமை ரவி அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் உதவிக்கு வந்தார்கள். எல்லோரும் மீன் தொழிற்சாலைக்காரர். எங்கள் ஆட்களுக்குள் வீட்டு வேலை என்றால் அப்படித்தான். ஒரு ஆள் கேட்டால் மூன்று பேர் வருவார்கள். வீட்டுக்காரி ஆட்டிறைச்சிக் கறி வைக்க வேண்டும்.

ஒரு ஜெர்மன்காரனை உதவிக்குக் கூப்பிட்டிருந்தால் "எதற்கு அடைக்கிறாய்?" என்று முதலில் கேட்டிருப்பான். அந்த ஒரு கேள்வியில் எங்கள் வீடு தப்பியிருக்கும். வந்தவர்கள் கேட்கவில்லை. அன்றைக்கும் காற்று. காரை விட்டு இறங்கியதும் சுவர் ஒருதரம் கூவியது. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். ரவி அண்ணையின் கழுத்து தானாக உள்ளே போனது.

"அட கடவுளே," என்றார். "எங்கை மச்சான் உந்த டப்பா?"

பிறகு அவர்கள் வேலை செய்த வேகத்தைத் தொழிற்சாலையில் காட்டியிருந்தால் ஆளுக்கொரு பதவி கிடைத்திருக்கும். கீழ்த் துவாரம் முழுக்க அடித்தார்கள். ஏணி வைத்து மேல் துவாரத்துக்கும் அடித்தார்கள். ஒருவர் சுவரில் காதை வைத்துக் கேட்க, மற்றவர் பீய்ச்சினார்.

"இஞ்சாலையும் கூவுது. அதுக்கும் அடி."

"கொஞ்சம் பொறு. ஓம், இப்ப கேக்குது. இன்னும் அடி."

பின்னேரம் சுவர் வாயை மூடியது. நால்வரும் மேசையைச் சுற்றியிருந்து இறைச்சிக் கறி சாப்பிட்டார்கள். இவ்வளவு சந்தோசமாக நான் அவர்களைக் கண்டதில்லை. அன்று மரியதாஸ் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார்.

கட்டைவிரலால் இறங்கிய ஆணி

பலகைக்குப் பின்னால் மழை போகத்தான் செய்யும். எந்தப் பலகையாலும் அதை மறிக்க ஏலாது. போன ஈரம் காற்றோடு ஏறி வெளியே போகட்டும் என்றுதான் அந்த இடைவெளியை விட்டு வைக்கிறார்கள். கீழால் காற்று வர வேண்டும், மேலால் போக வேண்டும். நாங்கள் இரண்டு வாயையும் அடைத்துவிட்டு உள்ளே நிம்மதியாக இருந்தோம். ஈரமும் உள்ளேயே இருந்தது.

முதலில் மணம் வந்தது. பிறகு அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். என் கூறைச்சேலையின் மடிப்பில் பச்சையாகப் பூசணம். தெருவில் இருக்கிற ஒரு அம்மா, நாங்கள் நாள் முழுக்கச் சமைப்பதால்தான் அப்படி என்றார். நானும் நம்பினேன். காலையும் மாலையும் யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கடற்காற்றில் விறைத்துப்போய், என் சோற்றுப் பானையைத் திட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் குளிர் இப்போதும் எலும்பில் இருக்கிறது.

மாதா படத்தைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டுவதற்காக ஒருநாள் அவர் ஆணியை மேற்குச் சுவரில் வைத்தார். சுத்தியலை எடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் கொண்டுவருவதற்குள் ஆணி இறங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதற்கே.

அதற்குப் பிறகுதான் ஹைக்கே வந்தாள். மேற்குச் சுவர் முழுக்கக் கழற்ற வேண்டும், உள்ளிருக்கும் மரச் சட்டங்களில் பாதியை மாற்ற வேண்டும் என்றாள். நுரையை ஒரு வாளியில் போட்டுக்கொண்டே வந்தவள், அடியிலிருந்த தகரத்தைக் கழற்றித் தூக்கிப் பிடித்தாள். ஒரு துளையில் வாயை வைத்து ஊதினாள். கூவியது. மரியதாஸ் இரண்டடி பின்னால் போனார்.

"இது மலிவுத் தகரம். காற்றில் விசிலடிக்கும். வேறு தகரம் போட்டிருந்தால் போதுமே," என்றாள் ஹைக்கே. "அரை நாள் வேலை."

அவள் குத்திக்காட்டுவதற்குச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அரை நாள் என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "புதுச் சுவர் சத்தம் போடுமா?"

"போடாது," என்று சிரித்தாள். "சத்தியமாகப் போடாது."

தோல் உரித்த வீடு

சாரம் கட்டினார்கள். பலகைகள் போனதும் வீட்டைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது, சட்டை இல்லாமல் தெருவில் நிற்கிற வயதான ஆள் மாதிரி. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் வேலை செய்ய ஏலாது என்று ஹைக்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் தறப்பாளைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டாள். அது காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது. காய்ந்தால் வருவாள், இரண்டு சட்டம் வைப்பாள், மறுபடி மழை.

டார்ம்ஸ்டாட்டில் வேலை செய்கிற மகள் மெர்லின் தொலைபேசியில் வந்தாள். விசயம் முழுவதையும் அவளுக்கு நான்தான் சொன்னேன். அவள் தகப்பனோடு கதைக்க வேண்டும் என்றாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு தெரபிக்கு தெர்மின் எடுத்து நாள் குறிப்பமா? இஞ்ச நல்ல ஆக்கள் இருக்கினம். தமிழிலயும் கதைக்கலாம்."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளை. சுவருக்குத்தான் வருத்தம்."

"சுவர் முடிஞ்சாப் பிறகு?"

"முடிஞ்சா எல்லாம் சரி."

அவர் அதை நம்பினார். பாவம், நானும் நம்பினேன். அந்தத் தறப்பாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த கிழமைகளில் அவர் நன்றாக நித்திரை கொண்டார். மத்தியானத்திலும் கதிரையில் தூங்கி விழுந்தார். மனம் ஆறிவிட்டது, அதுதான் நித்திரை வருகிறது என்று நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

புதுப் பலகை லார்ச் மரம். தேன் நிறம். துருப்பிடிக்காத திருகாணி, கீழே புதுத் தகரம், மேலும் கீழும் காற்றுக்கு வழி. இரண்டு குளிர்காலம் போனால் சாம்பல் நிறமாகும், பயப்படாதீர்கள் என்றாள் ஹைக்கே. ரவி அண்ணை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மரியதாஸ் உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

ஒரு பின்னேரம்

சாரம் கழற்றி அதிக நாள் ஆகவில்லை. நாலு மணிக்கே இருட்டத் தொடங்குகிற மாதம். வானொலியில் புயல் எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். நான் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு யன்னலால் பார்த்தேன். பக்கத்து வளவு மரங்கள் வளைந்து நிலத்தைத் தொட்டன. செம்மறிகளைக் காணவில்லை. மழை யன்னலில் கல்லாக விழுந்தது.

மேற்குச் சுவர் பேசவில்லை. ஒரு ஊதல், ஒரு கிறீச்சு இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஹைக்கே வாழ்க என்று வாய்விட்டே சொன்னேன். அவருக்குச் சொல்வதற்காக ஓடினேன்.

இருக்கையறையில் இல்லை. வீட்டு நடையில், யன்னல் இல்லாத இடத்தில், இரண்டு கதவுகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்தார். சப்பாத்துப் போட்டிருந்தார். மேலங்கியும் போட்டிருந்தார்.

"என்னப்பா இது? எங்கை வெளிக்கிட்டனீங்கள்?"

"உமக்குக் கேக்குதே?"

"ஒண்டும் கேக்கேல்லை. அதுக்குத்தானே இவ்வளவு பாடும் பட்டனாங்கள்?"

"ஓம்," என்றார். "கூவேல்லை."

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் பக்கத்தில் குந்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 

அந்தப் பழைய கூவல் இருந்தபோது அவர் நிலத்தில் விழுவார், பிறகு எழும்புவார். ஏனென்றால் கூவினது போய்விடும். நுரை அடித்திருந்த காலத்திலும் பலகைகள் அங்கங்கே ஆடிச் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தன. இப்போது சுவர் அவ்வளவு நன்றாக இருந்தது. வெளியே உலகம் பிய்ந்துகொண்டிருக்க உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்கள் இஞ்சை இருக்க ஏலாது போல," என்றார் மெல்லமாக. இனி எழும்பமாட்டேன் என்று சமையலறை நடுவில் நின்று சொன்ன அதே மனிதர்.

சமையலறையில் பானை மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஆட்டம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. தண்ணீர் வற்றிவிட்டது என்று எனக்குத் தெரியும். இலேசாக மணக்கத் தொடங்கியது.

நான் கையை இழுத்தேன். "விடுங்கோ. சோறு அடிப்பிடிக்கப்போகுது."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று என் காதிலேயே விழுந்தது.

அவர் பிடியை விடவில்லை. கத்தவும் இல்லை. "எழும்பாதையும்," என்றார். "கொஞ்சம் பொறும். எழும்பாதையும்."

அடுப்பு எட்டடித் தூரத்தில் இருக்கிறது. ஒரு குமிழைத் திருப்பினால் போதும். அதற்கு மேல் கூரை இருக்கிறது, கூரைக்கு மேலே வெறும் வானம்தான் இருக்கிறது, இது ஜெர்மனி. எல்லாம் எனக்குத் தெரியும்.

நான் எழும்பவில்லை. அவரோடு ஒட்டி நிலத்தில் இருந்துகொண்டேன். கூரை பறந்தாலும் நித்திரை கொள்கிற நான், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேற்குச் சுவர் ஒருதரம் கூவாதா என்று காத்துக்கொண்டிருந்தேன். சோறு கருகி வீடு முழுக்கப் புகை மணத்தது.